நட்ட நடுவில்

கண்ணைத் துடைத்துக்கொண்டே, மரம் நட வெட்டிய குழியிலிருந்து ஏறி வந்த தங்கச்சியைப் பார்த்து, அண்ணன்கள் இரண்டு பேருக்கும் மனசு இளகிவிட்டது.

அப்பா விட்டுப்போன மனை நூற்றெண்பது அடி அகலம். ஆளுக்குப் பாதி என்று அவர்களே பேசி முடித்து, பத்திரமும் தயார் செய்திருந்தார்கள். கடைசி மூன்று வருஷம் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் தங்கச்சி. பத்திரத்தில் அதற்கு இடமில்லை. அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

"முதல்ல அப்பா ஞாபகமா நடுவுல ஒரு குல்மோஹர் வெச்சிடலாம்ணே. கையெழுத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அன்று காலையில் சொன்னாள் அவள். நர்சரி நடத்துகிறவள். கன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

ஒரு மரத்தோடு போகிறதே என்று இருவரும் மண்வெட்டியைத் தூக்கினார்கள். வேர்க்கட்டியைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்குக் குழி வெட்டவைத்தாள். தண்டு மண்ணில் புதையக் கூடாது என்று கன்றை மறுபடி தூக்கி வைக்கச் சொன்னாள்.

"இதோட வேர் மேலாகவே ஓடும்ணே. கிட்டக்க சுவர் இருந்தா பிளந்துடும். கிளையும் குடை மாதிரி விரியும். ரெண்டு பக்கமும் முப்பது முப்பது அடி விட்டுத்தான் கட்டணும்."

"அவ்வளவா?" என்று இழுத்தான் சின்னண்ணன்.

"அப்பா மரம்டா. தாராளமா விடு" என்றான் பெரியண்ணன். அவன் நினைப்பெல்லாம் கையெழுத்தில் இருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் எழும்பிவிட்டது. வெயில் ஏறியதும் கன்று மொட்டையாக நின்றது.

"உன் மரம் செத்துப்போச்சும்மா" என்றான் சின்னவன்.

"இலை உதிர்க்கிற ரகம்ணே. பார்க்கத்தான் அப்படி இருக்கும்."

பதிவுக்கு முந்தின வாரம் சர்வேயர் வந்து நாடாவைப் பிடித்தார். பெரியண்ணன் பக்கம் அறுபது அடி. சின்னண்ணன் பக்கம் அறுபது அடி. நடுவில், மரத்தோடு, அறுபது அடி.

"ஆளுக்குப் பாதின்னீங்களே. இடிக்குதே?" என்றார்.

"நடுவுல மரத்துக்காகப் பொதுவா விட்டிருக்கோம் சார். தங்கச்சி கையெழுத்துப் போட்டதும் சரியாயிடும்" என்று பேனாவை நீட்டினான் பெரியண்ணன்.

அவள் அதை வாங்கவில்லை. சர்வேயர் பக்கம் திரும்பினாள்.

"மூணு பங்குன்னு எழுதிக்குங்க சார். நடுவுல இருக்கறது என்னோடது."