ஜலதாரை அடைப்பு
கோவளத்தில் விடியலிலிருந்து விடாத மழை. முற்றத்துத் தண்ணீர் வெளியேற வழியின்றி ஏறி, அடுப்படியின் மண்சுவரை நக்குகிறது. கணவர் மௌத்தாகிப் போனதால் துக்க நாட்கள் முடியும்வரை வீட்டோடு இத்தா இருக்கும் ஹபீபா தெருவுக்குப் போகக்கூடாது. அவருடைய ரங்கூன் குடையால் மதிலடி ஜலதாரையை உள்ளிருந்தே குத்துகிறாள். நுனி எதிலோ மெத்தென்று முட்டுகிறது. தெருப்பக்கமிருந்து அடுத்த வீட்டுக் காசிநாதனின் குரல்: “குத்தாத அண்ணி, துணி அடச்சிகினு கீது. இழுத்துடறேன்.” சேறும் நுரையுமாய்த் தண்ணீர் சுழித்து ஓடுகிறது, சுவரில் ஈரக்கோடு மட்டும் நிற்கிறது. “அண்ணனோட பழைய கைலி. கடாசிடட்டா?” பெருச்சாளி நுழையாதிருக்க அவள் கணவர்தான் கோடையில் அதைத் திணித்து அடைப்பார்; மழைக்கு முன்னால் அவரே உருவிவிடுவார். குடைநுனியிலிருந்து சேறு சொட்டுகிறது. “வாணாம். மதிலுக்கு இப்பால போடு. மழ வுட்டதும் நான் அடைச்சிக்கறேன்.”