மாப்பிள்ளையும் சத்திரமும்

கையைத் தூக்கினால் மானம் போகும்.

தூக்காவிட்டால் மாநில அணி போகும்.

பத்து மீட்டர் தள்ளி இலக்கின் கறுப்பு வட்டம் அசையாமல் நிற்கிறது. அசைவதெல்லாம் இந்தப் பக்கம்தான்.

இன்னும் கடைசிச் சுற்று பாக்கி. இதில் தேறவில்லையென்றால் அடுத்த வருஷம். இவர் வயதுக்கு அடுத்த வருஷத்தைப் பற்றி அவ்வளவு தைரியமாகப் பேசக் கூடாது.

கையிலிருப்பது காற்றுத் துப்பாக்கி. இவர் உள்ளங்கைக்கு அச்சு எடுத்து, கடல்தாண்டி அனுப்பி, அந்த அளவுக்கே கடைந்து வந்த மரப்பிடி. வேறு யார் தொட்டாலும் முறைக்கும்.

கிளப்பில் அதற்குப் பெயர் மாப்பிள்ளை. வைத்தவர் பழைய கூட்டாளி எபனேசர்.

எபனேசர் போட்டியை விடும்வரை கிளப்பின் பொதுத் துப்பாக்கியிலேயே சுட்டவர். புதிதாகச் சேருகிறவர்கள் பழக வாங்கிய மலிவுச் சாமான். எபனேசரும் அதில்தான் பழகினார். பாளையங்கோட்டையில் அதைக் கீழே போடாத கை இல்லை. அதற்குப் பெயர் சத்திரம். அது இவர் வைத்தது.

டீக்கடையில் பல வருஷத்துச் சண்டை. எது முதலில் மண்டையைப் போடும்?

"உம்ம மாப்பிள்ளை ஒருநா மேடையிலயே மயங்கி விழுவான், பாரும் வே."

"உம்ம சத்திரம் இடிஞ்ச பொறவும் இவன் நிப்பான், ஓய்."

இன்று எபனேசர் நடுவர். முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்.

மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் தொல்லை.

சர்க்கரை, கட்டைவிரல் அடிச் சதையைத் தின்றுவிட்டது. மரம் பழைய கையை அப்படியே வைத்திருக்கிறது. இவரிடம்தான் அந்தக் கை இல்லை. இடையில் விழுந்த சந்தில் துப்பாக்கி ஆட, குண்டெல்லாம் இடப்பக்கமாகவே போகிறது.

டேப் சுற்றியிருக்கலாம். பட்டுவேட்டிக்கு ஒட்டுப்போட மனம் வரவில்லை. கிழிந்தது வேட்டியல்ல, கட்டியிருக்கும் ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே.

நடுவில் துப்பாக்கியை மாற்றக் கூடாது. பழுதானால் மட்டும் மாற்றலாம். பழுதா என்று நடுவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கையைத் தூக்கினார்.

எபனேசர் வந்தார். "என்ன வே?"

"ரிப்பேர்."

குரலும் இடப்பக்கமாகப் போனது.

எபனேசர் துப்பாக்கியை வாங்கினார். குழலை இலக்குப் பக்கம் வைத்தபடி காற்றின் அளவைப் பார்த்தார். விசையை அழுத்தினார்.

டிக்.

மறுபடியும். டிக்.

கடிகாரம் மாதிரி. பாழாய்ப்போனவன், ஒரு தடவையாவது சொதப்பக் கூடாதா?

எபனேசர் அந்தப் பிடியைப் பார்த்தார். பிறகு இவர் கையைப் பார்த்தார். கட்டைவிரல் அடியில் விழுந்திருந்த குழியை.

இவர் கையை மடக்கிக்கொண்டார்.

பக்கத்து மேடைகளில் குண்டுகள் போய்க்கொண்டிருந்தன.

"சீல் போயிட்டு," என்றார் எபனேசர், மற்ற நடுவர்களுக்கும் கேட்கும்படி. "காத்து லீக்காவுது. மாத்திக்கிடலாம்."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் டீக்கடையில் காத்திருந்த 'மாப்பிள்ளை விழுந்துட்டான்' என்ற அந்த ஒரு வரியை அவர் சொல்லவில்லை.

சத்திரத்தைக் கொண்டுவந்து மேடையில் வைத்தார்.

இவர் எடுத்தார். பிடித்தார்.

கட்டைவிரல் அடியில் மெத்தென்று ஏதோ வந்து கையை நிரப்பியது.

துணி டேப். மடித்து மடித்து, சரியாக அந்தக் குழியின் அளவுக்கு. போன வாரம்வரை சத்திரத்தில் அது இல்லை. ஓரத்தில் இன்னும் அழுக்குப் படியாத வெள்ளை.

இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"சுடும் வே," என்றது பின்னாலிருந்து குரல். "நேரம் ஓடுது."

துப்பாக்கியை உயர்த்தினார். கை ஆடாமல் நின்றது.

இப்போது வட்டம்தான் கலங்கித் தெரிந்தது.