பதினோரு பேர் பட்டியல்

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே நின்ற அந்தச் சாம்பல் நிறக் காரைப் பார்த்ததுமே ரொஷெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது நாளாக அதே இடம், அதே கார், உள்ளே அதே ஆள். மடியில் நோட்டு, கையில் காபி.

லேமுவேல். ஓய்வுபெற்ற போலீஸ்காரர். பொய் முகவரி கொடுத்து வெளிவட்டாரத்திலிருந்து படிக்க வரும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க, கல்வி வாரியம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள். அந்தந்த வட்டாரத்தில் குடியிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் அந்தந்தப் பள்ளியில் இடம் என்பது அங்கே சட்டம்.

அந்தக் காரில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தால் அவள் இவ்வளவு கொதித்திருக்க மாட்டாள். இவரோ அவளைப் போலவே கறுப்பர். ஞாயிற்றுக்கிழமை அவள் போகும் சர்ச்சிலேயே மூன்றாவது வரிசையில் நின்று பாடுகிறவர். கோடாலிக்காம்பு என்று அங்கே பெண்கள் அவர் காதுபடவே சொல்லியாயிற்று. மனிதர் காதில் வாங்கினால்தானே!

ரொஷெலின் மகள் ஜனாயா எட்டாம் வகுப்பு. வீடு இருப்பது ரயில் பாதைக்குக் கிழக்கே. அந்தப் பக்கத்துப் பள்ளியில் அறிவியலுக்கு இரண்டு வருஷமாக ஆசிரியரே கிடையாது. மேற்கே இருக்கும் இந்தப் பள்ளியில் ஆய்வுக்கூடம் மட்டுமே மூன்று. அக்காள் வீட்டு முகவரியைக் கொடுத்து மகளை இங்கே சேர்த்துவிட்டாள்.

யாராவது கேட்டால் பெரியம்மா வீட்டில் இருப்பதாகச் சொல் என்று, பெற்ற பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வாரம் கடிதம் வந்தது. பதினோரு பிள்ளைகளின் முகவரியில் சந்தேகம். வியாழக்கிழமை கூட்டத்தில் முடிவு. உங்கள் பெண்ணின் எண் ஒன்பது. விசாரித்தாள். பதினோரு பேரில் எட்டுப் பேர் கறுப்புப் பிள்ளைகள், மூன்று பேர் மெக்சிகோ பிள்ளைகள். ஏதோ தற்செயல் என்று நம்புவதற்கு அவள் ஒன்றும் கைக்குழந்தை இல்லை.

மானத்தை விட்டு அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டினாள்.

"அண்ணே, ஒரே ஒரு நம்பரை மட்டும் அடிச்சிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"உன் பொண்ணு தினமும் ரயில் பாதையைத் தாண்டித்தான் வர்றா. பார்த்ததை எழுதிட்டேன், தங்கச்சி. அடிக்க மாட்டேன்."

"நம்ம பிள்ளைங்க நாலு எழுத்து படிச்சா உங்களுக்கு எங்க வலிக்குது?"

"கூட்டத்துக்கு வா. வீட்ல உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசலில் வந்து நின்ற அடுத்த காரைப் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டார்.

கல்நெஞ்சுக்காரன் என்று திட்டிக்கொண்டே வேலைக்குப் போனாள்.

வியாழக்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. பேச விரும்பும் பெற்றோருக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். ரொஷெல் மைக்கைப் பிடித்து, பொய் முகவரி கொடுத்தது தப்புதான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டாள்.

"உண்மையான முகவரியைக் கொடுத்திருந்தா என் பொண்ணுக்கு அறிவியல் யாருங்க சொல்லிக் கொடுத்திருப்பாங்க?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மேடையில் நடு நாற்காலியில் இருந்த வாரியத் தலைவர் வெண்டல் கனிவாகத்தான் பேசினார்.

"உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா பிள்ளைகளுக்கு நாம முதல்ல கத்துக்கொடுக்க வேண்டியது நேர்மை. இதுல கறுப்பு, வெள்ளைங்கற பேச்சே இல்ல. அறிக்கையில யார் இருந்தாலும் திங்கட்கிழமையிலேர்ந்து அவங்களுக்கு இங்க இடம் கிடையாது."

கைதட்டல். ஐந்து உறுப்பினர்களின் கைகளும் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் அறிக்கையை வாசிக்கச் சொன்னார்கள்.

பிள்ளைகளின் பெயரைச் சபையில் சொல்லக் கூடாது என்பது விதி. லேமுவேல் எண்களை மட்டும் வாசித்தார். ஒன்பது என்றதும் ரொஷெல் கண்ணை மூடிக்கொண்டாள். பதினொன்று. அவ்வளவுதான் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

லேமுவேல் பக்கத்தைப் புரட்டினார்.

"பன்னிரண்டு."

"நாங்க பதினோரு பேரைத்தானே பார்க்கச் சொன்னோம்?" என்றார் வெண்டல்.

"சொன்னீங்க சார். அந்தப் பதினோரு பேரை மட்டும் பார்த்தா நேர்மையா இருக்காதேன்னு வாசலுக்கு வந்த எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தேன். மொத்தம் நாற்பத்து மூணு பேர். மீதி முப்பத்திரண்டும் வெள்ளைக்காரப் பிள்ளைங்க."

லேமுவேல் முகவரிகள் எழுதிய தாளைத் தலைவர் முன்னால் வைத்தார். வெண்டல் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒருமுறை தண்ணீர் குடித்தார். மறுபடியும் படித்தார்.

பிறகு, நாம் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது என்றார். படிப்பு விஷயத்தில் மனிதாபிமானமும் வேண்டும், பள்ளியை முடிக்கும்வரை எல்லாப் பிள்ளைகளும் இங்கேயே படிக்கட்டும் என்று புதுத் தீர்மானம் கொண்டுவந்தார். இந்தத் தடவை முதலில் உயர்ந்தது அவருடைய கைதான்.

ரொஷெல் வெளியே ஓடிவந்து லேமுவேலைப் பிடித்தாள். உங்களைக் கண்டபடி பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று அழுதாள். அழுகை அடங்கியதும்தான் அந்தச் சந்தேகம் வந்தது.

"அப்படிப் பேசின மனுஷன் ஒரே நிமிஷத்துல எப்படிண்ணே மாறினார்?"

லேமுவேல் கார்ச் சாவியைத் தேடி எடுத்தார்.

"பேரைச் சொல்லக் கூடாது, தங்கச்சி. பன்னிரண்டாம் நம்பர் பையனைத் தினமும் காலையில கொண்டுவந்து விடறது அவனோட தாத்தா. இன்னிக்கு மேடையில நடு நாற்காலில உட்கார்ந்திருந்தாரே, அவர்தான். பேரனை இறக்கி விட்டுட்டு நேரா என் கார்கிட்ட வந்து, 'ஒருத்தரையும் விடாதீங்க லேமுவேல்'னு சொல்லிட்டுப் போவார். நானும் விடல."