ஒரு சுற்றுப் பெரிசு

“பெரிய குடையில தொங்கிக்கொண்டு வாறதெல்லாம் பயந்தாங்கொள்ளியளுக்கு. நான் சின்னதுதான் எடுக்கப் போறன். சர்ரெண்டு வந்து இறங்க வேணும்.”

சாப்பிட்ட கை காயுமுன்னமே ஜனுஷன் தொடங்கிவிட்டான்.

குடை என்று அவன் சொன்னது பரசூட்டை. துபாயில் வேலை பார்க்கிறபோது விமானத்திலிருந்து ஒரு இருபது தடவை குதித்துப் பழகியிருந்தான். இப்போது லீவில் பாலையூற்று வீட்டில் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை குச்சவெளிக் கடற்கரையில் ஒரு கழகம் குதிக்க விடுகிறதாம். கூட்டாளிமார் எல்லாருக்கும் சொல்லியாயிற்று.

“இருபது தரம் குதிச்ச ஆளுக்குச் சின்னக் குடை சரிவருமோ?” என்று கேட்டாள் ஜெனிதா.

“உமக்கு இதுகள் விளங்காது. வளர்ற பிள்ளைக்குச் சட்டையெண்டாப் பெரிசா வாங்கலாம். இது குடை. சின்னதை எடுத்துத்தான் பழக வேணும்.”

“உனக்கென்ன தம்பி, விசரே?” என்று குசினிக்குள்ளிருந்து மாமி மாகிரட் கேட்டார். மகன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கலியாணம் முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்த மனுசன் சர்ரென்று வந்து தரையில் மோதி இடுப்பை முறித்துக்கொண்டு கிடந்தால் யார் பார்க்கிறது? அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஜெனிதா கழகத்தில் பரசூட் கொடுக்கிற முனீபுக்குப் போன் எடுத்தாள்.

“முனீப் நானா, ஜனுஷன்ட மிஸிஸ் கதைக்கிறன். குடை அளவை எப்பிடிப் பார்க்கிறனீங்கள்?”

“ஆள்ட பாரத்தைப் பார்த்துத்தான் தங்கச்சி. பாரம் கூடின ஆளுக்குப் பெரிய குடை. புது ஆளெண்டா அதிலயும் ஒரு சுற்றுப் பெரிசு குடுப்பம். மெல்ல இறங்கும். கை கால் முறியாது.”

“அவர் பாரத்தைச் சொல்லிட்டாரோ?”

“ஓம், நேத்தே சொல்லிட்டாரு.”

ஜெனிதா மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆள் எழுபது கிலோ. சின்னக் குடைக்காக அறுபது என்று அளந்து விட்டிருப்பார். பத்தைக் கூட்டினால் சரி. பதினைந்தைக் கூட்டினால் இன்னும் சரி.

“அவர் குறைச்சுத்தான் சொல்லியிருப்பார் நானா. சொன்னதோட பதினைஞ்சு கிலோவைக் கூட்டிப் போடுங்கோ. நான் எடுத்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.”

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் ஜனுஷன் கூட்டாளி மதுசனிடம் சலித்துக்கொண்டு நின்றான்.

“கலியாணப் பந்தல் ஒண்டைத் தந்திட்டாங்கள் மச்சான். சின்னது கேட்டனான். முனீப் நானா விடுறாரில்லை.”

ஜெனிதா மாமிக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

விமானம் கிளம்பும்போது இலைகூட அசையவில்லை. மேலே போய்ச் சேருவதற்குள் கச்சான் காற்று எழும்பிவிட்டது. தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. நாலு பேர் குதித்தார்கள். மூன்று பேர் காற்றை எதிர்த்து வந்து வெட்டைவெளியில் இறங்கினார்கள். ஜனுஷனின் குடை மட்டும் இறங்க மனமில்லாமல் நின்றது. பிறகு பின்பக்கமாகவே போகத் தொடங்கியது. றோட்டைத் தாண்டியது, தோணிகளைத் தாண்டியது, கடலுக்கு மேலே போய்விட்டது.

“என்ன நானா, ஏன் அவர் பின்னால போறார்?”

முனீப் போட்காரருக்குக் கைகாட்டிக்கொண்டே ஓடினான். “குடை பெரிசு கூடிப்போச்சு தங்கச்சி. அதை இழுத்து இறக்கிறதுக்கு ஆளில பாரம் காணாது. காத்துத் தூக்கிக்கொண்டு போகுது.”

தூரத்தில் அந்தப் பெரிய துணி தண்ணீரில் விழுந்து பரவுவது தெரிந்தது. அதற்குள் இருந்த மனுசனைத் தெரியவில்லை. “மாதாவே, என்ர பிள்ளை” என்று மாமி மண்ணில் குந்திவிட்டார்.

போட் திரும்பி வந்தபோது ஜனுஷன் அதற்குள் கிடந்து உப்புத்தண்ணி கக்கிக்கொண்டிருந்தான். உயிர் இருந்தது. ஜெனிதா முட்டளவு தண்ணீரில் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

“என்ர பிழைதான். நான்தான் பதினைஞ்சு கிலோ கூட்டச் சொல்லிப் போன் எடுத்தனான்.”

“நானும் எடுத்தனான் பிள்ளை” என்றார் மாமி, மூக்கைச் சிந்தியபடி. “அவன் குறைச்சுத்தான் சொல்லுவான் எண்டு.”

“பெண்சாதியும் தாயும் ஒரே கதையைச் சொன்னா நான் நம்பத்தானே வேணும்?” என்றான் முனீப். “ஆளைப் பார்க்க மெலிவாத்தான் தெரிஞ்சிச்சு. எலும்பு பாரமாக்கும் எண்டு நினைச்சன்.”

கூட்டாளிமார் சுற்றி நிற்பதைக் கண்டதும் ஜனுஷனுக்கு மூச்சு வந்துவிட்டது.

“இப்ப விளங்குதே மச்சான்? சின்னக் குடை கேட்ட ஆளை, பொம்பிளையள் பயந்து கடலில போட்டிட்டினம்.”

“மன்னிச்சுக் கொள்ளுங்கோ” என்று விம்மினாள் ஜெனிதா. “அறுபது எண்டு சொல்லியிருப்பீங்கள் எண்டு நினைச்சிட்டன்.”

“அறுபதோ?” முனீப் அவளைத் திரும்பிப் பார்த்தான். “என்னட்ட எண்பத்தைஞ்சு எண்டெல்லோ சொன்னவரு. அந்தக் கணக்குக்குக் குடையைச் சொன்னாப் பிறகும், ‘இதைவிடப் பெரிசு இல்லையோ நானா’ எண்டு கேட்டவரு.”