தட்டுக் கணக்கு

“எங்கப்பா சாவைப் பத்தி எழுதியிருக்கிற பக்கத்தை எடுத்துடுங்க சார்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே, வேலை போய்விடும் என்று காலையில்கூட அம்மா கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். அப்பா கடற்படைக் கப்பலின் சமையல்காரர். அவர் இறந்ததற்காக மகளுக்குக் கிடைத்த வாரிசு வேலை இது. அந்தக் கப்பலின் தென்கடல் பயண வரலாற்றைத்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

எழுதுபவர் கேப்டன். புதிய தீவைக் கண்டுபிடித்தவர் என்று சுவரெங்கும் அவர் படம்.

“உங்கப்பாவைத் தியாகின்னு எழுதியிருக்கேன். அது கசக்குதாம்மா?”

“காய்ச்சல்ல போனார்னு இருக்கு.”

“என் மடியிலதான் உயிர் போச்சு. கொடி போர்த்திக் கடல்ல இறக்கினதும் நான்தான்.”

“தீவை விட்டுக் கிளம்பறப்போ ஆளை எண்ணினீங்களா?”

“எண்ணாம? மதியச் சாப்பாட்டுத் தட்டை எண்ணுவோம். சரியா இருந்தா நங்கூரத்தைத் தூக்குவோம்.”

“தட்டு வைக்கிறவருக்குத் தட்டு ஏது சார்? கடைசியா அண்டாவை வழிச்சுத் தின்னுறவர் அவர். அன்னைக்குச் சமைச்சு வச்சுட்டுத் தண்ணி பிடிக்கக் கரைக்குப் போனார். அவரைக் கரையில விட்டுட்டு முதல் நடைத் தண்ணியோட படகு வந்துச்சு. ரெண்டாம் நடைக்குப் போகவே இல்ல. உங்க தட்டுக் கணக்கு சரியா இருந்துச்சு.”

கேப்டன் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரெண்டெழுத்து படிச்சாலே இந்தத் திமிர் வந்துடும்.”

“எங்க வீட்ல படிச்சது நான் ஒருத்திதான். அதான் எல்லாருக்கும் சேர்த்துப் படிச்சுட்டேன்.”

“திரும்பியிருந்தா புயல்ல எல்லாரும் போயிருப்போம்,” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. “யார் சொன்னது உனக்கு? கப்பல்ல இருந்த எவனும் வாய் திறக்க மாட்டான். சத்தியம் வாங்கியிருக்கேன்.”

“கப்பல்ல இருந்தவங்க யாரும் சொல்லலை.”

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, அந்தப் பக்கத்தின் மேல் வைத்தாள்.

“பைத்தியமா? வேலையை விட்டா வீட்ல அடுப்பு எரியுமா?”

“அப்பா செத்திருந்தாத்தானே சார் இது என் வேலை?”

கதவை அகலத் திறந்தாள். வராந்தா பெஞ்சிலிருந்து, போன வாரம் ஒரு மீன்பிடிக் கப்பல் கொண்டுவந்து சேர்த்த, கருத்து மெலிந்த மனிதர் எழுந்து நின்றார்.

“உள்ளே போய் உங்க கேப்டனைப் பாருங்கப்பா,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.