நாகுமோவின் கடவுச்சொல்

"பூட்டைச் செஞ்சவரே நீங்கதான். உங்களாலயே திறக்க முடியலைன்னா எப்படி, மியாகே-சான்?"

நாகுமோ சிரித்தபடி பார்லி டீயை அவர் முன் வைத்தார். மியாகே சிரிக்கவில்லை.

ஜப்பானின் தகாமத்சு நகரில் ஒரு பல் மருத்துவமனையின் மேல்மாடியில் இருந்தது அந்தச் சிறிய அலுவலகம். வீட்டைவிட்டு ஓடிவரும் பெண்களுக்கு மறைவாக ஓர் இடம் தேடிக் கொடுப்பதுதான் அங்கே வேலை. யார் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்ற விவரத்தைப் பாதுகாப்பாக வைக்க, எக்செல்லில் மேக்ரோ என்னும் சிறு நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தவர் மியாகே. நல்ல காரியம் என்று கூலிகூட வாங்கவில்லை.

"நான்தானே அப்படி வெச்சேன்" என்றார் மெதுவாக. "எந்த விலாசமும் இணையத்துக்குப் போகக் கூடாது, இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே சங்கேதமா கிடக்கணும், நீங்க உங்க கடவுச்சொல்லோட நுழைஞ்சாத்தான் படிக்க முடியணும்னு. வேற எங்க எடுத்துட்டுப் போனாலும் வெறும் குப்பை எழுத்துதான்."

"அன்னிக்கு எவ்வளவு பெருமை உங்களுக்கு! 'என்னாலயே உடைக்க முடியாது'ன்னு மார்தட்டினீங்களே."

"கொஞ்சம் மோசமாச் செஞ்சிருக்கலாம்."

நாகுமோ அவரை உற்றுப் பார்த்தார். கசங்கிய சட்டை. ஒட்டிய கன்னம்.

"வேலை ஜாஸ்தியா? இளைச்சுப் போயிட்டீங்க."

"சாப்பாடு சரியில்ல. அதை விடுங்க. உங்க கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. திடீர்னு நின்னா அத்தனை பேர் விவரமும் போயிடும். நீங்க கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுத்துட்டு, ஒரு பத்து நிமிஷம் வெளியே இருங்க. நான் எல்லாத்தையும் பத்திரமா மாத்திடறேன்."

"அடடா, சொல்லாம விட்டுட்டேனே! போன வாரம்தான் புதுசு வாங்கினோம். ஒவ்வொரு பேரா நானே உட்கார்ந்து மறுபடி ஏத்தினேன். விரலெல்லாம் வலி."

மியாகே அப்போதுதான் மேசைமேல் இருந்த புது மடிக்கணினியைச் சரியாகப் பார்த்தார். எடுத்த டீக்கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

நாகுமோவின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"மியாகே-சான், நிஜமா எதுக்கு வந்தீங்க?"

"ஒரே ஒரு விலாசம். நீங்களே பார்த்துச் சொன்னாப் போதும். வேற எதையும் நான் பார்க்க மாட்டேன்."

"யாரோட விலாசம்?"

மியாகே நாற்காலியிலிருந்து இறங்கி மண்டியிட்டார். நெற்றி தரையில் பட்டது.

"ஹருயோ... என் மனைவி. இனிமே கை நீட்டவே மாட்டேன்னு ஒரே ஒரு தடவை அவகிட்ட நேர்ல சொல்லணும்."

நாகுமோ கம்ப்யூட்டரை மூடி, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, எழுந்து போய் வாசல் கதவைத் திறந்துவிட்டார்.