மகராசிக் கல்

உப்பளத்து வளைவில் விபத்து நடந்த இடத்திலேயே அந்த நினைவுக்கல்லை நட்டிருந்தார்கள். ‘சுடலைக்கண்ணன் – பிரேமா தம்பதியர். கண்ணீருடன், துறைமுக லாரி நண்பர்கள்.’

கல் இருக்கலாமா, கூடாதா என்று கருத்துக் கேட்டு, யூடியூப் சேனல்காரன் ஒருவன் மைக்கோடு வந்து நின்றான்.

“இருக்கட்டும் தம்பி. இதப் பார்த்தாதான் வண்டிக்காரன் வேகத்தக் கொறைக்கான்,” என்றார் டீக்கடை பிச்சையா.

“எடுத்துருங்க,” என்றாள் பஸ்ஸுக்கு நின்றிருந்த அனுசியா. “ரோடு என்ன சுடுகாடா?”

தினமும் அந்தக் கல்லுக்குக் குங்குமம் வைக்கும் வடிவம்மாளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏளா, என்ன பேச்சு பேசுத? புருஷன்கூடவே பூவும் பொட்டுமாப் போன மகராசி இவ! இவளக் கும்பிட்டா நம்ம தாலி கெட்டியா நிக்கும். இந்தா, நீயும் வச்சுக்க.”

அனுசியாவின் ஸ்டிக்கர் பொட்டுவரை நீண்ட கை, அவளுடைய வெறுங்கழுத்தைக் கண்டதும் சட்டென்று பின்வாங்கியது.

“தாலியறுத்தவளா நீ? அதான் இந்த வயித்தெரிச்சல்! தள்ளி நில்லு. கல்லத் தொட்டுராத.”

மைக் அனுசியாவின் முகத்துக்கு நேராக வந்தது. “உங்க வீட்டுக்காரர் எப்படிக்கா இறந்தாரு?”

அனுசியா கல்லைப் பார்த்தாள்.

“இங்கனதான் தம்பி, பைக்குல. அவரு கூட்டாளிங்க ஒருத்தரும் என்னயப் பார்த்ததே இல்ல. கல்லுல முதப் பேரு எம்புருஷன் பேரு. ரெண்டாவது பேருதான் எம்பேரு இல்ல.”